சாரை உண்ணாதிருந்த மாரிக்காலம்

பசியைப் பற்றித் தமிழ் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. பசித்த வயிற்றுக்கு உணவிடுதலை அறங்களுள் தலையாயதாகக் கொண்ட மரபு நமது. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலையை நாம் மறப்பதில்லை. மறுபுறத்தில், உணவைத் தாமே துறந்து வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் போற்றி வந்திருக்கிறோம். முன்னது கிடைக்காத உணவு. பின்னது வேண்டாமென்று விலக்கிய உணவு. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது நிலையொன்று உண்டு. வாழவேண்டுமென்ற துடிப்பு உடலில் இருக்க, உணவும் வாயருகே இருக்க, அதனை ஏற்க முடியாமல் ஓர் உயிர் ஒதுங்கிக் கிடக்கும் நிலை அது. அதனைப் பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை என்றே எண்ணுகிறேன்.

அத்தகைய உயிரொன்றைக் காப்பாற்றும் பொறுப்பு எனது பதினோராவது வயதில் என்னிடம் வந்து சேர்ந்தது. அது ஒரு சாரைப்பாம்பு. அதனை உண்ணவைக்க நான் பட்ட பாடும், அம்முயற்சியில் நான் கற்றதும், கற்கத் தவறியதுமே இக்கட்டுரையின் பொருள்.

ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறிச் செல்லும் பாதை மடுல்சீமை மலைத்தொடருக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிறது. ஆயிரம் மீற்றரையும் கடந்த உயரம். ஆடி, ஆவணி மாதங்களில், மேற்கே மழையைக் கொட்டிவிட்டு ஈரமிழந்து வரும் கச்சான் காற்று தேயிலைத் தளிரை வாட்டும். ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் அந்த வாட்டத்திலேயே பிறக்கிறது. ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும். தை மாதம் வரையில் நல்ல வெயிலைக் காண்பதே அரிது. லயத்துத் தகரக் கூரையின்மேல் இரவு முழுவதும் மழை கொட்ட, கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பை அண்டியே குடும்பங்கள் உறங்கும். எங்கள் தோட்டமும் அத்தகையதே. எங்கள் லயமும் அத்தகையதே. இக்குளிரை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே மூலமாக இருந்தது; அன்று அது எனக்குத் தெரியவில்லை.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974ஆம் ஆண்டு சனவரியில் இரு நாடுகளுக்கும் பாதிக்குப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. தாளில் எண்களாக இருந்தவர்கள் லயங்களில் மனிதர்களாக இருந்தார்கள். யார் போவார், யார் இருப்பார் என்பதே அக்காலத்தில் பீலிக்கரைப் பேச்சு. 1973ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பத்துக்குப் பயண நாள் வந்தது. அக்குடும்பத்தின் மூத்த மகன் என் வகுப்புத் தோழன்.

அவனிடம்தான் அந்தச் சாரை இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஸ்டோருக்குப் பின்னாலிருந்த விறகுக் குவியலைப் புரட்டியபோது ஒரு முழத்துக்கும் குறைவான குட்டியாக அகப்பட்டது. சாரைக்கு நஞ்சில்லை. வாலில் நஞ்சிருப்பதாகச் சொல்வோர் எங்கள் தோட்டத்திலும் இருந்தனர்; ஆயினும் எலியைப் பிடிப்பது என்ற மதிப்பும் அதற்கு இருந்தது. தேயிலை அனுப்பும் பலகைப்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ பெற்று, அதன் வாய்க்குக் கம்பிவலை அடித்து, என் தோழன் அதனை வளர்த்து வந்தான். அவன் நீட்டும் தவளையை அது தயக்கமின்றி வாங்கிக்கொள்ளும். அக்காட்சியைக் காண லயத்துச் சிறுவர் அனைவரும் கூடுவோம். ஓராண்டுக்குள் அது இரண்டு முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

புறப்படும் நாளின் காலையில் அவன் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் இஸ்தோப்பில் வைத்தான். "எட்டு நாளைக்கு ஒரு தவளை போதும்டா. கையாலேயே வாங்கிக்கும். பட்டினி மட்டும் போட்டுறாத" என்றான். பதுளைப் புகையிரத நிலையத்துக்குப் போகும் லொறி ஸ்டோர் முடக்கில் நின்றது. அங்கிருந்து தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின்னர் மண்டபம் முகாம் என்பதே அன்று போனவர்கள் அனைவரினதும் வழி. லொறி வளைவில் மறையும்வரை அவன் கையசைத்ததாக நினைவில்லை. பெட்டி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் நான் தவளையை நீட்டினேன். சாரை அசையவில்லை. மறுநாளும் நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டது. தவளையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். தவளை பாம்பின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பல்லி, சுண்டெலி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. வீட்டுக் கோழியிட்ட முட்டையொன்றை ஒருவரும் அறியாமல் எடுத்து உள்ளே வைத்தேன். அம்முட்டை மூன்று நாள் அங்கேயே கிடந்தது. கோயிற் புற்றுக்குப் பால் வார்ப்பதைக் கண்டிருந்தமையால் ஒரு சிரட்டையில் பாலும் வைத்தேன். பாம்பு பால் குடிக்கும் பிராணி அன்று என்பதையும், தாகம் முற்றிய பாம்பு எந்த நீர்மத்தையும் போலவே பாலையும் உறிஞ்சக்கூடும் என்பதையும், அது அதன் வயிற்றுக்கு ஒவ்வாதது என்பதையும் பிற்காலத்திலேயே படித்தறிந்தேன். நல்லவேளையாக எங்கள் சாரைக்குத் தண்ணீர் இருந்தது. பாலை அது சட்டை செய்யவில்லை.

ஒரு மாதம் கடந்தது. இடையில் அதன் கண்கள் நீலம் பாரித்து மங்கின. குருடாகிவிட்டது என்று அழுதேன். சில நாட்களில் அது சட்டையுரித்துப் புத்துருக்கொண்டு கிடந்தது. உரிக்குங் காலத்தில் பாம்பு உண்ணாது என்பார்கள், இனியாவது உண்ணும் என்று நம்பினேன். அப்போதும் உண்ணவில்லை. லயத்தில் ஆளுக்கொரு காரணம் கூறினார்கள். வளர்த்தவனைப் பிரிந்த துக்கம் என்றார் ஒருவர். விரதம் இருக்கிறது என்றார் இன்னொருவர். முனியாண்டி கோயிலில் கொண்டுபோய் விடு என்றார் மூன்றாமவர். துக்கம் என்ற காரணமே எனக்குப் பிடித்திருந்தது. ஏனெனில், அத்துக்கம் எனக்கும் இருந்தது.

இவ்விடத்தில் அக்காலத்து நிலைமையைக் கூறாது செல்லல் ஆகாது. 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியும் 1974ஆம் ஆண்டும் தோட்டங்களுக்குக் கொடிய காலம். உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் குறைக்கப்பட்டன. கொல்லையில் நெல்லோ குரக்கனோ விதைக்க நிலமில்லாத தோட்டத் தொழிலாளிக்கு மாவே உயிர்நாடி. மா குறைந்தபோது மரவள்ளியும் வற்றாளையும் கீரையும் சில நாட்களுக்குக் கைகொடுத்தன. பின்னர் அவையும் அரிதாயின. தோட்டப் பகுதிகளில் அக்காலத்தில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தமை நாட்டின் புள்ளிவிபரங்களிலேயே பதிவாகியுள்ளது.

அத்தகைய மாரிக்காலத்தில்தான், உண்ண மறுக்கும் பாம்பொன்றுக்கு ஊட்டுவதற்காக நான் மழையில் நனைந்து தவளை தேடித் திரிந்தேன். "மனுசனுக்கே மாவு இல்ல, இவன் பாம்புக்கு விருந்து வைக்கிறான்" என்று அம்மா ஏசினார். ஏச்சில் நியாயம் இருந்தது. முட்டை காணாமற் போனதை அப்பாயி அறிந்திருந்தார். அம்மாவிடம் அவர் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஐவர்: அப்பா, அம்மா, அப்பாயி, நான், தங்கச்சி. இரவில் ரொட்டி சுட்டு முடிந்ததும் அப்பாயி ஒரு கோப்பைச் சாயத்தண்ணியை எடுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்கு நகர்ந்துவிடுவார். "எனக்குப் பசியில்ல ராசா. நீயும் தங்கச்சியும் தின்னுங்க" என்பார். நாங்கள் தின்றோம். அதற்குமேல் அதனைப் பற்றி நான் எண்ணவில்லை. வயதானவர்களுக்குப் பசி குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.

ஐம்பது நாட்களாயின. சாரையின் முதுகெலும்பு மேலே தெரியத் தொடங்கியது. அப்போது, கவ்வாத்து மலையில் பேர்பெற்ற வெட்டுக்காரரான மாமா ஒருவர், "இதெல்லாம் கெஞ்சிக்கிட்டு இருக்கிற வேலை இல்ல" என்று முன்வந்தார். அவர் பாம்பின் கழுத்தைப் பிடிக்க, நான் மூங்கிற் சிம்பொன்றால் அதன் வாயைத் திறந்து, செத்த தவளையைத் தொண்டைக்குள் தள்ளினேன். பாம்பு என் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது. அந்த இறுக்கம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தவளை உள்ளே இறங்கியதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன்.

இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. செரிக்காத தவளையைப் பாம்பு வெளியே கக்கியிருந்தது. அதன் வாயோரத்தில் இரத்தக் கசிவு. என்னைக் கண்டதும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது; கழுத்தை உப்பிக்கொண்டு சீறி, வலையில் மோதியது. ஓராண்டுக் காலம் மனிதக் கையிலிருந்து உணவு வாங்கிய உயிர், ஒரே நாளில் மனிதக் கைக்கு அஞ்சும் உயிராயிற்று. உதவி என்ற பெயரில் நான் செய்தது அதுவே.

அன்று மாலை இஸ்தோப்புக் கட்டில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்பாயி வந்து பெட்டிக்கருகே குந்தினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவுங்க வீட்டுல இந்தப் பொட்டி எங்கடா இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். அடுப்புச் சுவரோடு சேர்த்து, மிலாற்றுக் கட்டுக்குப் பின்னால் இருந்தது. தோழன் உணவூட்டும்போது மட்டுமே அதனை வெளியே இழுப்பான். எங்கள் வீட்டிலோ பாம்பை உள்ளே விடக்கூடாதென்று அம்மா கூறியதனால் அது இஸ்தோப்பிலே கிடந்தது. மழைச்சாரலும் வாடைக்காற்றும் அதன்மேல் பட்டன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் பெரட்டுக்குப் போகும் பெரியவர்களும் குனிந்து பார்த்துவிட்டே சென்றார்கள். ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு மூலையும் இல்லை.

"குளிருல அதுக்கு வயிறு வேலை செய்யலடா. எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா எப்படித் திங்கும்?" என்றார் அப்பாயி. அதன்பின் தம்மைப் பற்றிச் சொன்னார். அவர் சிறுமியாக இலங்கைக்கு வந்தபோது, அக்கால வழக்கப்படி மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்தாராம். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய காலத்தில் இலங்கை அரசே அம்முகாமை நடத்தி, வருவோரை நோய் உண்டோ என்று சோதித்த பின்னரே கப்பலேற்றியது. "அஞ்சு நாளு சோறு எறங்கல. சோறு இல்லாமயா? வரிசையா ஒக்கார வச்சு, பக்கத்துல ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். எங்க ஆத்தா முந்தானைய எடுத்து எம்மேல போத்துச்சு. அதுக்குள்ள இருந்துக்கிட்டுத்தான் ரெண்டு வாய் தின்னேன்."

அதே முகாமுக்குத்தான் என் தோழனின் குடும்பமும் திரும்பிப் போயிருந்தது என்பதை அன்று நான் எண்ணிப் பார்த்தேன். அப்பாயியும் எண்ணியிருப்பார்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தவர் அப்பாயியே. பெட்டி உள்ளே வந்தது. அடுப்புச் சுவருக்கும் சாக்குக் கட்டுக்கும் இடையில் அதற்கு இடம் கிடைத்தது. வாயுடைந்த மண்சட்டியொன்றை அப்பாயி கவிழ்த்து உள்ளே வைத்தார். உடைந்த விளிம்பே வாசல். பெட்டியின்மேல் பழஞ்சாக்கு மூடப்பட்டது. மூன்று கட்டளைகள் எனக்கு இடப்பட்டன. திறக்கக்கூடாது. தொடக்கூடாது. பதினைந்து நாட்களுக்கு உணவு வைக்கக்கூடாது. தண்ணீரை மட்டும் அப்பாயியே மாற்றுவார். கடைசிக் கட்டளையே எனக்குக் கடினமாக இருந்தது. ஏற்கனவே மெலிந்துவிட்ட உயிருக்கு இன்னும் பதினைந்து நாள் பட்டினியா என்று கேட்டேன். "வயித்துல புண்ணு ஆற வேணாமா?" என்றார்.

தைப்பொங்கல் வந்தது. அவ்வாண்டு எங்கள் லயத்தில் பொங்கற்பானை ஏறிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொங்கல் கழிந்து சில நாட்களின் பின், எல்லோரும் மலைக்கும் பள்ளிக்கும் போன ஒரு காலைப்பொழுதில், அப்பாயி சிறு தவளையொன்றைப் பெட்டிக்குள் விட்டுச் சாக்கை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளியால் வந்தபோது தவளை இல்லை. சட்டிக்குள் சுருண்டிருந்த சாரையின் நடுவுடல் சற்றே புடைத்திருந்தது. அது உண்டதை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்காததனாலேயே அது உண்டது.

மாசியிலும் பங்குனியிலும் அது ஒழுங்காக உண்டது. வெயில் வந்தது. ஒரு நாள் அப்பாயி, "இனி அதுக்கு நம்ம அடுப்பு எதுக்குடா? சூரியன் இருக்குல்ல" என்றார். மனமில்லாமலேதான் சம்மதித்தேன். தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லையில், வெயில் விழும் பாறையிடுக்கொன்றில் பெட்டியைச் சாய்த்தேன். சாரை வெளியே வந்து, நாக்கை நீட்டிச் சிறிது நேரம் அங்கேயே கிடந்து, பின்னர் இடுக்குக்குள் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. பாம்பு திரும்பிப் பார்க்காது.

சித்திரையில் தோழனிடமிருந்து கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் அவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. கடிதத்தின் முடிவில், "அது சாப்பிடுதா?" என்று கேட்டிருந்தான். சாப்பிட்டது என்றும், அடுப்புப் பக்கம் வைத்தோம் என்றும், காட்டில் விட்டுவிட்டேன் என்றும் பதில் எழுதினேன். அதன்பின் கடிதம் வரவில்லை.

1974ஆம் ஆண்டு ஆவணியில் அப்பாயி இறந்தார். நான்கு நாள் வயிற்றோட்டம். நோய் பெரிதன்று, நோயைத் தாங்க உடலில் ஒன்றும் இருக்கவில்லை. குளிப்பாட்டிய பெண்கள், கையில் எடுத்தால் எடையே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சாரையின் முதுகெலும்பு நினைவுக்கு வந்தது. ஒரு பாம்பின் எலும்பு தெரிவதைக் கண்ட என் கண்ணுக்கு, அடுப்பு மூலையில் என் பக்கத்திலேயே இருந்த எலும்புகள் தெரியவில்லை. ஐம்பது நாட்கள் பாம்பிடம், "ஏன் உண்ணமாட்டாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாயியிடம் ஒரு நாளேனும் கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பிற்காலத்தில் பேராதனையில் விலங்கியல் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. இலங்கைப் பாம்புகள் குறித்து பிராங்க் வோல் எழுதி 1921ஆம் ஆண்டு கொழும்பில் வெளிவந்த பெருநூலை முதன்முறையாகப் புரட்டியபோது, சாரையைப் பற்றிய பகுதியைத்தான் முதலில் தேடினேன். பாம்பு உண்ண மறுப்பதன் காரணங்களை முறைப்படி அறிந்தது அதன் பின்னரே. அவற்றை இங்கு சுருக்கமாகத் தருவது பயனுடையது.

பாம்பு தன் உடலின் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரன்று. சூழலிலிருந்தே அதனைப் பெறுகிறது. உடல் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினாலன்றி அதன் செரிமானம் செவ்வையாக நடைபெறாது. குளிர்ந்த வயிற்றில் இரை செரிப்பதற்கு முன்னரே அழுகத் தொடங்கும். ஆகையால் பாம்பு உண்ண மறுக்கும், உண்டிருந்தால் கக்கும். காட்டிலுள்ள சாரையும் அதே மடுல்சீமைக் குளிரில்தான் வாழ்கிறது. ஆயினும் அதற்கு வெயில் விழும் பாறையைத் தேடவும் ஆழமான வளைக்குள் இறங்கவும் உரிமையுண்டு. பெட்டி பறித்தது அந்த உரிமையை. அடுத்த காரணம் அச்சம். இரையை விழுங்கும் பாம்பினால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. எனவே மறைவிடமில்லாத பாம்பு விழுங்கத் துணியாது. சட்டையுரிக்கும் காலம், இனப்பெருக்கக் காலம், சினையுற்ற காலம், வாய்ப்புண், வயிற்றுப்புழு என்பனவும் காரணங்களாகலாம்.

உண்ணாதிருத்தலைப் பாம்பு தாங்கும் ஆற்றலும் வியப்புக்குரியது. 2007ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூவகைப் பாம்புகள் ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைக்கப்பட்டன. அவை தமது உடற்செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டதோடு, அப்பட்டினியிலும் நீளத்தில் வளரவே செய்தன. மலைப்பாம்பு நெடும்பட்டினிக்குப் பின் இரையுண்டதும், இரண்டே நாட்களில் அதன் இதயம் 40 விழுக்காடு பெருப்பதாக 2005ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. ஆகவே நன்கு வளர்ந்த பாம்பு சில வாரங்கள் உண்ணாதிருப்பது உடனடி ஆபத்தன்று. அவசரப்பட்டுத் தொண்டைக்குள் தள்ளுவதே பெரும்பாலும் ஆபத்து. இடத்தைச் சீராக்கி, சூடும் இருளும் அமைதியும் கொடுத்து, நீர் வைத்து, வாரத்துக்கொருமுறை மட்டும் இரை காட்டி, ஏற்காவிடின் எடுத்துவிட்டுக் காத்திருப்பதே முறை. எடை தொடர்ந்து குறைந்தால் விலங்கு வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். ஏட்டுக் கல்வி அறியாத என் அப்பாயி கையாண்ட முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் படித்தபோதும் அப்பாயியையே நினைத்தேன். மருந்துக்கான நஞ்சை எடுப்பதற்காகப் பிடிக்கும் நாகத்தையும் விரியனையும் அவர்கள் கண்ணாடிக் கூட்டில் வைப்பதில்லை. மணலிட்ட மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி இருளில் வைக்கிறார்கள். சில வாரங்களில், நஞ்செடுத்து முடிந்ததும், காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பரம்பரையாகப் பாம்போடு பழகியவர்கள் அதற்கு முதலில் கொடுப்பது இருட்டையே என்பது கருதத்தக்கது.

இதனைப் படிப்பவர் பாம்பு வளர்க்க முற்படவேண்டும் என்பது என் கருத்தன்று. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த அதன் திருத்தங்களும் காட்டுயிர்களை வீட்டில் அடைத்து வைப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அடைக்கப்பட்ட உயிரின் உண்ணாமையைத் தீர்க்கும் சிறந்த வழி, அதனை அடைக்காதிருத்தலே.

தொடக்கத்தில் உண்ணாமையின் மூன்று நிலைகளைக் குறிப்பிட்டேன். நான்காவது நிலையொன்றும் உண்டு என்பதை அப்பாயியின் மரணம் எனக்குக் கற்பித்தது. உணவு போதாத வீட்டில், தன் பங்கைப் பிறர் பக்கம் நகர்த்திவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லும் நிலை அது. எந்த விலங்கியல் நூலிலும் அது இல்லை. பாம்பு பொய் சொல்லாது. உண்ண முடியாதபோது உண்ணாது, முடியும்போது உண்ணும். மனிதர், அதிலும் நம் லயத்துப் பெண்கள், பொய் சொல்வார்கள். அப்பொய்யைத் தின்றே என்னைப் போன்ற பலர் வளர்ந்து, பல்கலைக்கழகம் வரை வந்திருக்கிறோம்.

பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்து, விடுதி உணவுச்சாலையில் தட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்து போகும் புதுமுக மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். சிலருக்கு இடம் புதிது, சுற்றிலும் பார்க்கும் கண்கள், தொண்டையில் இறங்காது. அவர்களுக்கு வேண்டியது உபதேசமன்று, ஒதுங்கியிருக்க ஒரு மூலையும் சிறிது காலமும். வேறு சிலர் பசியில்லை என்பார்கள். வீட்டிலிருந்து வந்த பணம் அந்த மாதத்துக்குப் போதாதிருக்கும். அவர்களுக்கு வேண்டியது காத்திருப்பதன்று, அன்றே ஒரு நேரச் சாப்பாடு. இவ்விருவரையும் பிரித்தறிவது எளிதன்று. எனக்குத் தெரிந்த வழி அப்பாயி அன்று கேட்டதே: பக்கத்தில் குந்தி, சற்றுநேரம் பேசாதிருந்து, இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று கேட்பது. சாரைக்காக அவர் அதனைக் கேட்டார். அவருக்காக அதனைக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.